நான்கு ரோட்டு அனிமே கடை: வாள் பளபளக்கிறது, முகம் எங்கே?

தருமபுரி நான்கு ரோட்டிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், ஒரு வணிக வளாகத்தின் மாடியில், ஒற்றை ஷட்டர் அகலத்தில் இருக்கிறது அந்தக் கடை. கீழே ஜெராக்ஸ் கடையும் பேக்கரியும் இருக்கின்றன. மாடிப்படியின் சுவர் முழுக்க, அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் படைப்புகளின் பாத்திரங்களான கோஜோவும் லூஃபியும் ஒட்டப்பட்டிருப்பதால் வழி கேட்க வேண்டியதில்லை. முன்பு செல்போன் கவரும் டெம்பர் கிளாஸும் விற்ற இடம் அது. கேட்ட படத்தைக் கவரில் அச்சடித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கிய இளைஞர், கேட்கப்படும் படங்களில் நடிகர்களைவிட ஜப்பானிய அனிமே பாத்திரங்களே அதிகமாகி வருவதைக் கவனித்து, ஒவ்வோர் அலமாரியாகப் பொம்மை, போஸ்டர், சாவிக்கொத்து, டி-சர்ட், மங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை நூல்கள் என்று மாற்றிக்கொண்டே வந்திருக்கிறார். இப்போது கவர்கள் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மூலையில் ஒடுங்கிவிட்டன. நிறைகளோடு குறைகளையும் எழுத வேண்டியிருப்பதாலும், ஒரே ஆள் நடத்தும் சிறு கடை என்பதாலும், அதன் பெயரை இங்கே தவிர்த்திருக்கிறேன். சுற்றுவட்டாரப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் யாரைக் கேட்டாலும் காட்டிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட கடையை விலை, தரம், கனிவான பேச்சு ஆகியவற்றை மட்டும் வைத்து மதிப்பிட்டால் போதாது என்பது என் கருத்து. சட்டை வாங்குகிறவர் துணியை வாங்குகிறார். இங்கே வருகிறவரோ தனக்குப் பிடித்த ஓர் ஆளை வீட்டுக்கு அழைத்துப் போக வருகிறார். அந்த ஆள் ஏன் பிடித்துப்போனார், அந்தக் காரணம் இந்தப் பொம்மையில் இருக்கிறதா, போஸ்டரில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரியான அளவுகோல். அந்த அளவுகோலில் கடை சில இடங்களில் நன்றாகத் தேறுகிறது, சில இடங்களில் தடுமாறுகிறது. தடுமாற்றத்தில் பெரும்பகுதி கடைக்காரருடையது அல்ல, இந்தப் பொருள்களை உருவாக்குகிறவர்களுடையது.

உள்ளே நுழைந்தவுடன் கண்ணில் படுவது பொம்மைகள் நிற்கும் கண்ணாடி அலமாரி. ஏறத்தாழ எல்லோரும் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒன் பீஸ் கதையின் ஜோரோ மூன்று வாள்களையும் ஓங்கியிருக்கிறான். டீமன் ஸ்லேயர் நாயகன் தன்ஜிரோவைச் சுற்றி நீலப் பிளாஸ்டிக் அலை சுழல்கிறது. டிராகன் பால் நாயகன் கோகுவின் முடி மஞ்சளாக எழுந்து நிற்கிறது. கோஜோ கண்கட்டை ஒரு விரலால் தூக்குகிறான். தூரத்திலிருந்து பார்க்கும்போது கண்ணுக்கு விருந்துதான். ஓர் அனிமே பாத்திரம் முதல் பார்வையிலேயே மனத்தில் பதிய அதன் வெளிக்கோடு தெளிவாக இருக்க வேண்டும் என்பது வரைபவர்கள் பேணும் அடிப்படை விதி. நிழலை மட்டும் காட்டினாலும் லூஃபியை வைக்கோல் தொப்பி காட்டிக்கொடுத்துவிடும், கோகுவை முடி காட்டிக்கொடுத்துவிடும். அந்த மஞ்சள் முடியின் பிறப்பே சுவையானது. கோகுவின் கறுப்பு முடியில் மை நிரப்புவதற்கு உதவியாளருக்கு அதிக நேரம் பிடித்ததால், அவன் ஆற்றல் பெருகி மாறும் சூப்பர் சயான் நிலையில், கறுப்பு வெள்ளை மங்காவில் முடியை வெள்ளையாகவே விட்டுவிட்டால் வேலை மிச்சமாகும் என்று எண்ணியதாக அவனைப் படைத்த அகிரா தோரியாமா கூறியிருக்கிறார். 2024 மார்ச்சில் மறைந்த அந்த மேதை வேலையைக் குறைக்கச் செய்த உபாயம்தான் இன்று தருமபுரி மாடிக்கடையில் அதிகம் விற்கும் பொம்மையின் தலையில் இருக்கிறது.

ஆனால் வெளிக்கோடு நம்மைக் கூப்பிட மட்டுமே செய்யும். கூப்பிட்ட பிறகு உட்கார வைப்பது வேறொன்று. ஜோரோவை எடுத்துக்கொள்வோம். அவனுடைய ரசிகர்கள் இரண்டு பேர் பேசிக்கொள்வதைக் கேட்டால், மூன்று வாள் வித்தையைப் பற்றிய பேச்சு சீக்கிரமே தீர்ந்துவிடும். நேராகப் போகிற தெருவில்கூட அவன் வழிதவறிப் போவதைப் பற்றிய பேச்சுதான் சிரிப்போடு நீளும். உலகின் முதல் வாள்வீரனாக வேண்டும் என்று சபதம் எடுத்தவனுக்குத் திசை தெரியாது. அட்டாக் ஆன் டைட்டன் கதையில் வரும் லீவாயைப் பற்றியும் அப்படித்தான். மனித இனத்தின் மிக வலிமையான வீரன் என்று பெயரெடுத்தவனுக்கு 160 சென்டிமீட்டர் உயரம்தான். தலையில் துணியைக் கட்டிக்கொண்டு தூசி தட்டுவதில் அவன் காட்டும் கண்டிப்பு போர்க்களத்தில் காட்டும் கண்டிப்புக்குக் குறைந்ததல்ல. வலிமை ஒருவரை வியக்க வைக்கும். அந்த வலிமைக்குப் பொருந்தாத ஒரு சின்னப் பழக்கமோ குறையோதான் அவரை நம்மவராக்கும். அலமாரியில் இருக்கும் ஜோரோ வழிதவறவில்லை, லீவாயின் கையில் துடைப்பம் இல்லை.

இந்தக் குறையைச் சுட்டிக்காட்டியபோது கடைக்காரர் சொன்ன பதில் நேர்மையாக இருந்தது. “வாளை ஓங்கி நின்னாதான் சார் வாங்குறாங்க. சும்மா நிக்கிற பொம்மை ஆறு மாசம் ஆனாலும் இங்கேயேதான் நிக்கும்” என்றார். விற்பனை அவருக்குத் தெரிந்த துறை. அதில் நான் வாதாடவில்லை. ஆனாலும் ஊர் தருமபுரியாக இருப்பதால் எனக்கு ஒரு பழைய பாட்டு நினைவுக்கு வந்தது. தருமபுரியின் பழைய பெயரான தகடூரை ஆண்ட அதியமானின் தூதாகப் போன ஔவையாரிடம் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைப் பெருமையோடு காட்டியபோது, அவர் அந்த ஆயுதங்களைப் புகழ்வதுபோல் இகழ்ந்து பாடியது புறநானூற்றின் 95ஆம் பாடல். உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவல் மிகுந்த மாளிகையில் இருக்கின்றன. எங்கள் மன்னனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு பட்டறையில் கிடக்கின்றன என்கிறார். இந்தக் கண்ணாடி அலமாரியில் இருப்பவை தொண்டைமானின் ஆயுதங்கள். நெய் பூசிய பளபளப்பு இருக்கிறது, தேய்மானம் இல்லை. அனிமேயில் நம்மைக் கட்டிப்போடும் பாத்திரங்கள் எல்லாம் நுனி முறிந்தவர்கள்.

நுனி முறிந்தவர் என்று சொன்னதற்கு என் சொந்த விருப்பத்திலிருந்து ஒருவரைக் காட்ட வேண்டும் என்றால், மசாஷி கிஷிமோட்டோவின் நருடோ கதையில் வரும் ராக் லீயைத்தான் காட்டுவேன். 1999 முதல் 2014 வரை 700 அத்தியாயங்களாக வந்த அந்தக் கதையில் மரபுவழி ஆற்றலும் குலப் பெருமையும் கொண்ட பிள்ளைகள் நிறைய உண்டு. லீக்கு நிஞ்சா மந்திர வித்தைகள் வராது. உடற்பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டும் நிஞ்சாவாக முடியும் என்று நிரூபிப்பதே அவன் வாழ்க்கை. காரா என்ற எதிராளியுடனான சண்டையில் கால்களில் கட்டியிருந்த எடைகளைக் கழற்றிக் கீழே போடும்போது தரை பிளக்கிற அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. அந்தச் சண்டையில் அவன் தோற்கிறான், கை காலும் நொறுங்குகிறது. நினைவிழந்த நிலையிலும் சண்டைக்கு எழுந்து நிற்கிறான். வென்ற காட்சிகளுக்காக நாம் விரும்பும் பாத்திரங்களைவிட, தோற்ற காட்சிக்காக நாம் விரும்பும் பாத்திரங்கள் நீண்ட நாள் நம்மோடு இருக்கின்றன. கடையில் அதே கதையின் சசுகேயும் இடாச்சியும் விதவிதமாகக் கிடைக்கிறார்கள். லீ ஒரே ஒரு சாவிக்கொத்தில் இருக்கிறான். பச்சை உடையும் தடித்த புருவமும் தெளிவாக வந்திருக்கின்றன. ஐம்பது ரூபாய்க்கு அந்தக் கடையில் அதைவிட நல்ல பொருள் இல்லை.

கோஜோவைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடையைப் பற்றிப் பேச முடியாது. ஏனென்றால் இருப்பில் பாதி அவனுடையதுபோல் தோன்றுகிறது. 2018இல் தொடங்கி 2024இல் முடிந்த கெகே அகுடாமியின் ஜுஜுட்சு கைசென் கதையில், யாராலும் தொட முடியாதவனாக அவன் வருகிறான். பதினாறு, பதினேழு வயதில் யாராலும் தொட முடியாதவனாக இருக்க வேண்டும் என்ற ஆசை யாருக்குத்தான் இல்லை? பிளஸ் டூ தேர்வை எதிர்நோக்கும் பிள்ளைகள் அந்தக் கண்கட்டைப் பணம் கொடுத்து வாங்குவதில் எனக்கு வியப்பில்லை, குறை சொல்லவும் மனமில்லை. என் வயதுக்கு அவனுடைய கவர்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. எல்லோரையும்விட வலிமையானவனாக இருப்பதாலேயே தன் பக்கத்தில் நிற்க ஆள் இல்லாதவன் அவன்; இனிப்புத் தின்றுகொண்டு மாணவர்களைச் சீண்டிக்கொண்டிருப்பது அந்தத் தனிமையை மூடும் போர்வை. கடையிலுள்ள பத்துப் பதினைந்து கோஜோக்களில் ஒன்றேனும் இனிப்புப் பொட்டலத்தோடு நின்றால் வாங்கியிருப்பேன்.

பொம்மைகளின் தரத்துக்கு வருகிறேன். கடைக்காரர் இதில் மறைப்பதில்லை. அசலுக்கு ஓர் அடுக்கு, நகலுக்கு நான்கு அடுக்குகள் என்று பிரித்து வைத்திருக்கிறார். கேட்காமலேயே “இது காப்பி சார்” என்று சொல்லிவிடுகிறார். நகல் அறுநூறு ரூபாயிலிருந்து தொடங்குகிறது. அசல் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குக் குறைவாக எதுவும் இல்லை. அறுநூறுக்கும் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் இடையிலுள்ள வேறுபாடு எங்கே தெரிகிறது என்று புதிதாக வாங்குகிறவர்கள் கேட்பார்கள். வாளிலோ மேலங்கியின் மடிப்பிலோ அவ்வளவாகத் தெரியாது. நகல் செய்கிறவர்களும் அச்சு எடுப்பதில் கெட்டிக்காரர்கள். வேறுபாடு கண்களில் இருக்கிறது. இந்தப் பொம்மைகளின் கண்கள் கையால் வரையப்படுவதில்லை. மென்மையான ஒரு திண்டில் மையை எடுத்து முகத்தில் ஒற்றும் முறையில் நிறம் நிறமாகப் பதிக்கப்படுகின்றன. அந்த ஒற்றல் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் பார்வை கெட்டுவிடும். நகல் அடுக்கிலிருந்த தன்ஜிரோ ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பச்சைக் கறுப்புக் கட்டம் போட்ட மேலங்கியில் பிழை சொல்ல முடியாது. காதணியும் ஒழுங்காக இருந்தது. கண்கள் மட்டும் ஒன்று என்னையும் மற்றொன்று கல்லாவையும் பார்த்தன.

வேறு எந்தப் பாத்திரத்துக்கு அது நேர்ந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம், தன்ஜிரோவுக்கு நேரக்கூடாது. கொயோஹரு கொடோகேயின் டீமன் ஸ்லேயர் 2016 முதல் 2020 வரை 23 தொகுதிகளாக வந்தது. அதன் நாயகன் கரி விற்றுப் பிழைத்த குடும்பத்தின் மூத்த மகன். அவன் வாள்வீச்சைவிட அவன் பார்வையே கதையைத் தாங்குகிறது. தான் வெட்டி வீழ்த்திய அரக்கன் சாம்பலாகிக் கரையும்போது, அவனும் ஒரு காலத்தில் மனிதனாக இருந்தவன் என்பதை உணர்ந்து, தன்ஜிரோ குனிந்து அவன் கையைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. கூட்டத்தில் நூறு நாயகர்கள் பழிவாங்கலாம். பழிவாங்கிய பிறகு இரக்கப்படுகிறவனை அடையாளம் காட்டுவது கண்கள்தாம். ஆகவே பணத்தட்டுப்பாடு இருப்பவர்களுக்கு என் பரிந்துரை இதுதான்: முகமூடி அணிந்தவர், கண்கட்டியவர், பன்றித்தலை மாட்டிய இனோசுகே போன்றவர்களை நகலில் வாங்குங்கள், கண்ணால் பேசுகிறவர்களை அசலில் வாங்குங்கள், அல்லது பணம் சேரும்வரை காத்திருங்கள்.

தரத்தைப் பற்றி இன்னொரு செய்தி. இவை பி.வி.சி., ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கால் ஆனவை. வெப்பம் ஏறினால் பி.வி.சி. இளகும், ஒற்றைக் காலில் பாய்ந்து நிற்கிற பொம்மை சில கோடைகளில் மெல்லச் சாயத் தொடங்கும், வெயில் நேரடியாகப் பட்டால் நிறமும் வெளுக்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலை நினைத்து ஜன்னலோரம் வைக்காதீர்கள். இந்தக் கடையிலேயே மேற்குப் பார்த்த கண்ணாடியில் வைத்திருந்த நாமி பொம்மையின் செம்பட்டை முடி ஒரு பக்கம் வெளிறியிருந்தது. அதைத் தள்ளுபடி விலை போட்டு விற்பதற்குப் பதில் முழு விலையே எழுதியிருந்ததைக் குறையாகச் சொல்லத்தான் வேண்டும்.

நாமியைப் பற்றிய பேச்சு வந்ததால், கடையில் எனக்கு மிகவும் நெருடலாகப் பட்ட ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பெண் பாத்திரங்களின் பொம்மைகளில் பெரும்பாலானவை அவர்கள் யார் என்பதைச் சொல்வதில்லை. அளவுக்கு மீறிய இடுப்பும் குறைந்த ஆடையும் கொண்ட ஒரே அச்சில் முடியின் நிறத்தை மட்டும் மாற்றி நிறுத்தியதுபோல் இருக்கின்றன. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வரும் அம்மாக்கள் அந்த அடுக்கைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதை நானே பார்த்தேன். ஒழுக்கத்தைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகப் படுவது பாத்திரத்துக்கு இழைக்கப்படும் அநீதி. எய்ச்சிரோ ஓடாவின் ஒன் பீஸ் கதையில் நாமி யார்? வளர்ப்புத் தாயைக் கொன்றவனுக்கே அடிமையாகிக் கடல் வரைபடங்கள் வரைந்து, ஊரை மீட்கப் பணம் சேர்த்து, அந்தப் பணமும் பறிபோனபோது தன் தோளில் அவன் குத்திய பச்சையைக் கத்தியால் குத்திக்கொண்டு அழுதவள். உதவி செய் என்று அவள் வாய்விட்டுக் கேட்கும் அந்த நொடியில், யாரையும் தொட விடாத தன் வைக்கோல் தொப்பியை லூஃபி அவள் தலையில் வைத்துவிட்டு நடக்கிறான். அவ்வளவு பெரிய கதையில் அந்த இடம் ஒன்றுக்காகவே நான் இருவருக்கும் ரசிகன். அவள் கையில் ஒரு பேனாவையும் சுருட்டிய வரைபடத்தையும் கொடுத்த பொம்மையை இந்த அடுக்கில் வைக்க முடியாதா என்று கடைக்காரரிடம் கேட்டேன். மொத்த வியாபாரி அனுப்புவதைத்தான் வைக்க முடிகிறது என்றார். குறைந்தபட்சம் அந்த அடுக்கை உயரத்துக்கு மாற்றலாம்.

இதற்கு நேர்மாறாக, கடையிலேயே மிகச் சிறந்த பொம்மை எது என்று கேட்டால், மேல் அடுக்கின் ஓரத்தில் உள்ளங்கை அளவில் இருக்கும் ஃப்ரீரெனைச் சொல்வேன். ஒரு புதையல் பெட்டி. அதன் வாயிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் வெளியே உதைத்துக்கொண்டிருக்கின்றன. முகமே இல்லை, ஆனாலும் பார்த்தவுடன் அவள்தான் என்று தெரிகிறது. கனெஹிட்டோ யமதா எழுத, சுகாசா அபே வரைய, 2020இல் தொடங்கிய கதை அது. 2023 செப்டம்பரில் அனிமேயாக வந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்த மந்திரக்காரிக்கு அந்தப் பெட்டி தன்னை விழுங்க வந்த பூதம் என்பது மந்திரத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு தெரிந்துவிடும். மீதி ஒரு பங்கில் அரிய மந்திரநூல் இருக்கலாமே என்று தலையை விட்டு மாட்டிக்கொள்கிறாள். இனிப்புத் திராட்சையைப் புளிப்பாக்கும் மந்திரம், ஒரு வெளியெங்கும் பூ மலரவைக்கும் மந்திரம் என்று யாருக்கும் உதவாததாகத் தோன்றுபவற்றைத் தேடித் தேடிச் சேர்ப்பவள். அந்தப் பூ மந்திரத்தை ஒருமுறை பாராட்டிய மனிதன் இறந்த பிறகுதான் அவனைத் தான் அறிந்துகொள்ள முயலவே இல்லை என்று அழுகிறாள். எத்தனை பெரிய சோகத்தையும் அந்த உதைக்கும் கால்கள் தாங்கிக்கொள்கின்றன. சண்டை இல்லை, பளபளப்பு இல்லை. இந்தப் பொருள் விற்கிறதா என்று கேட்டேன். வைத்தவுடன் போய்விடுகிறது என்றார். சும்மா நிற்கிற பொம்மை விற்காது என்ற அவருடைய கணக்குக்கு இது விலக்கு என்பதை நினைவூட்டினேன், சிரித்தார்.

அசல் அடுக்கில் நெண்டோராய்டு வகைப் பொம்மைகள் இரண்டு மூன்று இருக்கின்றன. குட் ஸ்மைல் கம்பெனி 2006 முதல் செய்துவருபவை. பத்து சென்டிமீட்டர் உயரம், பெரிய தலை, கழற்றி மாற்றக்கூடிய முகங்கள். விலை அதிகம்தான். ஆனாலும் ஒரு பாத்திரத்தின் சிரிப்பையும் அழுகையையும் திகைப்பையும் ஒரே பெட்டியில் தருவதால், நான் மேலே சொன்ன அளவுகோலில், வகை என்று பார்த்தால் இவைதான் முதலிடம் பெறுகின்றன. ஸ்பை எக்ஸ் ஃபேமிலி கதையில் வரும் ஆன்யாவுக்கு ஒரே முகம் போதுமா? மற்றவர்களின் மனத்தைப் படிக்கத் தெரிந்த அந்தச் சிறுமிக்குப் படிப்பு ஏறாது, வேர்க்கடலை என்றால் உயிர், அரைக்கண்ணால் அவள் இளிக்கும் இளிப்பு ஒரு கதைக்குச் சமம்.

போஸ்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முப்பது ரூபாய்க்குத் தரமான தாள்; பெரும்பாலும் பட அட்டைகளின் நகல்கள். டி-சர்ட்டுகளில் துணி பரவாயில்லை, அச்சு நாலைந்து துவையலுக்குப் பிறகு வெடிக்கத் தொடங்குகிறது என்று வாங்கிய மாணவர்கள் கூறினார்கள். கல்லூரிக்கு அணிந்து போக ஒன்று வேண்டும் என்பவர்கள் மார்பு முழுக்க முகம் போட்டதை விட்டுவிட்டு, சட்டைப்பையின் மேல் சிறு சின்னம் மட்டும் பதித்திருக்கும் கறுப்புச் சட்டையைப் பார்க்கலாம்.

கடையின் உண்மையான செல்வம் உள்ளே, கல்லாவுக்கு வலப்பக்கம் இருக்கும் மங்கா அடுக்கு. எல்லாம் ஆங்கிலப் பதிப்புகள். தொகுதி ஒன்று நானூறு ரூபாயை ஒட்டி வருகிறது. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு அவர் ஒரு பக்கத்தைத் திறந்து விரலால் கட்டம் கட்டமாகத் தொட்டுக் காட்டும் பொறுமை பாராட்டத்தக்கது. இங்கேதான் அவருடைய இரசனையும் வெளிப்படுகிறது. பொம்மையில் மொத்த வியாபாரி சொன்னதைக் கேட்கிறவர், புத்தகத்தில் தன் விருப்பத்தைக் கேட்கிறார். ஒன் பீஸின் ஒன்பதாம் பத்தாம் தொகுதிகளைத் தனியாக முன்னால் வைத்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். நாமி உதவி கேட்கும் இடம் ஒன்பதில் இருக்கிறது. பத்தில், எனக்கு வாள் வீசத் தெரியாது, சமைக்கத் தெரியாது, பொய் சொல்லவும் வராது, மற்றவர்கள் உதவாமல் என்னால் வாழ முடியாது என்று லூஃபி எதிரியின் முன்னால் பெருமையாக அறிவிக்கும் இடம் இருக்கிறது. “முதல் தொகுதில விட்டுட்டுப் போறவங்க இதைப் படிச்சா விடமாட்டாங்க சார்” என்றார். தன்னால் முடியாதவற்றின் பட்டியலைச் சொல்லித் தலைவனாக நிற்கும் நாயகனை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. நம் திரையின் நாயகர்கள் அறிமுகப் பாட்டில் சொல்வது இதற்கு நேரெதிரான பட்டியல்.

அந்த அடுக்கில் ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்டின் தொகுதிகளும் விட்டுவிட்டு இருந்தன. 2001 முதல் 2010 வரை 27 தொகுதிகளாக அதைப் படைத்த ஹிரோமு அரகாவா, ஹொக்கைடோவில் பால்பண்ணை வைத்திருந்த குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் படைத்த பெண் பாத்திரங்கள் வேலை செய்கிறார்கள். வின்ரி எண்ணெய்க் கறையோடு இயந்திரக் கைகால்களைப் பழுதுபார்க்கிறாள். ஆனால் அந்தக் கதையில் என் மனம் ஒட்டிக்கொண்டது துணைப்பாத்திரமான ஹியூஸ் மீது. பிறர் அவசரமாக எதையாவது பேச வந்தாலும் தன் மகளின் புகைப்படத்தை எடுத்துக் காட்டித் தொல்லை செய்யும் அதிகாரி அவர். முதலில் நமக்கும் அது தொல்லையாகத்தான் படும். அந்தத் தொல்லை இனி இல்லை என்று ஆகும்போதுதான் அவர் எவ்வளவு இடத்தை நிரப்பியிருந்தார் என்பது புரியும். ஹியூஸின் படம் போட்ட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, அவரைக் கேட்டு யாருமே வந்ததில்லை என்றவர், வாடிக்கையாளர் கேட்பவற்றை எழுதிவைக்கும் நோட்டில் பெயரைக் குறித்துக்கொண்டார். அந்த நோட்டு இந்தக் கடையின் நல்ல பழக்கங்களில் ஒன்று. பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று ஊர்ப்பெயரோடு எழுதப்பட்ட வேண்டுகோள்கள் அதில் பக்கம் பக்கமாக இருக்கின்றன.

அந்த நோட்டின் அண்மைப் பக்கங்களில் அதிகம் வரும் பெயர் அகாசா. காரணம் ஊகிக்கக்கூடியதே. டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் திரைப்படம் 2025 செப்டம்பர் 12 அன்று இந்தியத் திரையரங்குகளில் தமிழ்க் குரலிலும் வெளியானது. அதுவரை சப்டைட்டில் படிக்கச் சோம்பியவர்களும், பிள்ளைகளோடு துணைக்குப் போன பெற்றோர்களும்கூட அகாசாவின் முன்கதையைத் தமிழில் கேட்டார்கள். படம் பார்க்காதவர்கள் அடுத்த சில வரிகளைத் தாண்டிவிடலாம். முன்பு வந்த ஒரு படத்தில், அரக்கர்களை வேட்டையாடும் வீரன் ரெங்கோகுவைக் கொன்ற அரக்கன் அவன். ரசிகர்கள் அவனை வெறுத்துக்கொண்டிருந்தார்கள். நோயாளித் தந்தைக்கு மருந்து வாங்கத் திருடிய சிறுவனாகவும், பிறகு ஒரு நோயாளிப் பெண்ணுக்குப் பணிவிடை செய்தவனாகவும் அவனைக் காட்டிய பிறகு அந்த வெறுப்பு அப்படியே நிற்க முடியவில்லை. அவன் செய்தது சரியென்று கதை எங்கும் சொல்லவில்லை. அதுதான் அதன் கண்ணியம். வில்லனுக்குச் சோகமான இளமையைக் கொடுத்துவிட்டால் கவர்ச்சி வந்துவிடும் என்று எண்ணி எழுதப்பட்ட பாத்திரங்கள் அனிமேயில் ஏராளம்; அவை என்னைத் தொடுவதில்லை. அகாசா தொடுவதற்குக் காரணம், அவன் காக்க நினைத்தவர்களை மறந்த பிறகும் வலிமை வலிமை என்று தேடிக்கொண்டே இருந்தது எதற்காக என்பது அவனுக்கே தெரியாமல் போனதுதான். கடையில் இப்போது இருக்கும் அகாசா பொம்மை, வழக்கம்போல், முஷ்டியை முறுக்கிக்கொண்டிருக்கிறது.

கடைக்காரரின் பரிந்துரைகளை நம்பலாமா என்பது பெற்றோருக்குப் பயன்படும் கேள்வி. நான் அங்கிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “அண்ணா, டெத் நோட் இருக்கா?” என்று கேட்டாள். இருக்கிறது, ஆனால் கொலைகள் நிறைந்த அந்தக் கதை இப்போது வேண்டாம் என்று சொல்லி, வாலிபால் பற்றிய ஹைக்யூவின் முதல் தொகுதியை எடுத்துக் கொடுத்தார். அவளும் பள்ளி அணியில் ஆடுகிறவளாம். உயரம் போதாத ஹினாதா உயரமானவர்களின் ஆட்டத்தில் குதித்து ஈடுகொடுக்கும் கதை அது. வலைக்கு இருபுறமும் நிற்கும் யாரையும் வில்லனாக்காமல், தோற்கும் அணிக்கும் முகம் கொடுத்தவர் ஹருய்ச்சி ஃபுருடாடே. கேட்டதைக் கொடுத்துக் காசு வாங்குவதை விட்டுவிட்டு, கேட்கிறவரின் வயதைப் பார்த்து நல்லதை எடுத்துக் கொடுத்த அந்தச் செயலுக்காக மட்டுமே நான் இந்தக் கடைக்குக் கூடுதல் மதிப்பெண் போடுகிறேன்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்றரை. மங்கா அடுக்குக்கும் ஆலோசனைக்கும் நாலரை கொடுக்கலாம். பொம்மை அடுக்குக்கு இரண்டரைக்கு மேல் மனம் வரவில்லை. நூறு ரூபாயோடு போகிறவர்கள் சாவிக்கொத்தும் போஸ்டரும் வாங்கலாம். ஐந்நூறு, அறுநூறோடு போகிறவர்கள் நகல் பொம்மையை விட்டுவிட்டு ஒரு மங்காத் தொகுதி வாங்குங்கள். ஆயிரங்களோடு போகிறவர்கள் அசலையே கேளுங்கள், பெட்டியைத் திறந்து முகத்தைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். திறந்து காட்ட அவர் தயங்குவதில்லை. விற்ற பொம்மையைத் திரும்ப எடுப்பதில்லை. உடைந்திருந்தால் மட்டும் அன்றைக்கே மாற்றித் தருகிறார். ஜிபே உண்டு. ஞாயிறு மாலையில் படிக்கட்டுவரை கூட்டம் நிற்பதால் பேசிப் பார்த்து வாங்க நினைப்பவர்கள் வார நாளின் முற்பகலில் போவது நல்லது. கடை பத்தரைக்குத்தான் திறக்கும்.